குட்டி விமானத்துக்கு எவ்வளவு காற்று?

“டீச்சர், என் பேரை வெட்டிருங்க. இந்தப் பறக்குற சோலி நமக்கு ஒத்து வராது.”

விமானத்தை விட்டு இறங்கியதும் சொரிமுத்து அண்ணாச்சி சொன்ன முதல் வார்த்தை இதுதான்.

அண்ணாச்சி ஏழெட்டு லாரிக்கு முதலாளி. ஐம்பதைத் தாண்டிய பிறகு அவருக்கு ஓர் ஆசை வந்தது. ஒரே ஒரு தடவையாவது, பக்கத்தில் ஆளில்லாமல், தனியாக விமானம் ஓட்டிவிட வேண்டும். ஊரெல்லாம் சொல்லியும் வைத்துவிட்டார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தால்தானே!

சொல்லிக்கொடுப்பவர் பியூலா. அண்ணாச்சியின் மகள் வயசுகூட இருக்காது. அவர் சரி என்றால்தான் தனியாகப் பறக்கலாம். அவரோ மாதக்கணக்காக அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவில்லை.

அன்று மத்தியானம், மண்டையைப் பிளக்கிற வெயிலில், அண்ணாச்சி விமானத்தை இறக்கிய லட்சணம் இருக்கிறதே! ஓடுபாதையில் அது தவளையாகக் குதித்தது. பயந்துபோய் பிரேக்கை மிதி மிதி என்று மிதித்தார். டயர் கருகுகிற வாடை வந்தது.

“சரி அண்ணாச்சி, போங்க” என்றார் பியூலா. “போறதுக்கு முன்னால டயர்ல காத்தை மட்டும் பாத்துருங்க.”

அவ்வளவுதானா? ஒரு பேச்சுக்காவது ‘இருங்க’ என்று சொல்லக்கூடாதா?

அண்ணாச்சி குனிந்து, காற்றழுத்தம் காட்டுகிற கேஜை டயரில் வைத்துப் பார்த்தார். சக்கரத்துக்கு மேலே பெயின்டில் எழுதியிருந்த அளவு இருபத்தொரு பவுண்டு. கேஜ் காட்டியது இருபத்துநாலு.

“கூட இருக்கு டீச்சர்.”

“அப்படியா?”

“கோடையில லாரி டயரும் இப்படித்தான் ஏறும். கொஞ்சம் இறக்கி விட்டாத்தான் வெடிக்காது. இது எங்களுக்குப் பழக்கம்.”

வால்வை அழுத்தினார். புஸ்ஸென்று காற்று இறங்கியது. சரியாக இருபத்தொன்றில் நிறுத்தினார். எத்தனை டயர் பார்த்த கை!

பியூலா பார்த்துக்கொண்டே நின்றார். தடுக்கவில்லை.

“காலையில வெயிலுக்கு முன்ன வந்து இன்னொரு தடவை பாத்துச் சொல்லிட்டுப் போயிருங்க. பேரை அப்பறம் வெட்டுதேன்.”

வீட்டில் அண்ணாச்சி யாரிடமும் மூச்சு விடவில்லை.

விடிந்ததும் வந்தார். டயரைத் தொட்டார். சில்லென்று இருந்தது. கேஜை வைத்தார்.

பதினெட்டு.

“அடக் கொடுமையே! டீச்சர், எங்கேயோ ஓட்டை விழுந்திருக்கு.”

“ஓட்டை இல்ல.”

“பொறவு காத்து எங்க போச்சு?”

“நீங்கதான நேத்து திறந்து விட்டிய?”

“கூட இருந்ததைத்தான விட்டேன்!”

“கூட இருந்தது காத்து இல்ல அண்ணாச்சி. சூடு. டயர் ஆறின பொறவுதான் அளக்கணும்.”

அண்ணாச்சி டயரை மறுபடியும் தொட்டுப் பார்த்தார்.

“இந்தக் காத்தோட விமானத்தைத் தரையில இறக்கியிருந்தா?”

“டயர் ரிம்மோட நிக்காம வழுக்கும். வால்வு அறுந்துரும். ஓடுபாதையிலயே உக்காந்துர வேண்டியதுதான்.”

“இதை நேத்தே சொல்லியிருக்கலாம்லா?”

“நேத்து நீங்க கேக்குற ஆளாவா இருந்திய?”

அண்ணாச்சி பம்பை எடுத்தார். இருபத்தொன்று வரும்வரை அடித்தார். வேர்த்துவிட்டது.

“போறதுதான் போறிய, கடைசியா ரெண்டு சுத்து சுத்திட்டுப் போங்க” என்று பியூலா பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தார்.

போகப்போகிறவனுக்கு என்ன பயம்? அண்ணாச்சி நிம்மதியாக ஓட்டினார். முதல் சுற்றில், தூங்குகிற பிள்ளையைத் தொட்டிலில் விடுவதுபோல விமானத்தைத் தரையில் விட்டார். இரண்டாம் சுற்றிலும் அப்படியே.

விமானம் நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. பியூலா கதவைத் திறந்து கீழே இறங்கினார்.

“டீச்சர், எங்க போறிய?”

“ஓரமா நிக்கேன். நீங்க போயிட்டு வாங்க.”

“தனியாவா?”

“தனியாத்தான்.”

அண்ணாச்சிக்குக் கண் கலங்கிவிட்டது.

“நேத்து நான் இறக்கின லட்சணத்தை நீங்க பாத்தியள்லா?”

“பாத்தேன்” என்றார் பியூலா, கதவைச் சாத்திக்கொண்டே. “அளந்தது இன்னைக்குத்தான்.”