ராஜாவின் முதுகில் எறும்பு

பூவலூர் ராஜா இளவழுதிக்குப் பக்கத்து நாட்டு ராஜாவைக் கண்டாலே வயிற்றெரிச்சல். அந்த நாட்டில் யாரோ ஓடைத் தண்ணீரில் சக்கரம் வைத்து, தானே சுற்றும் விசிறி செய்துவிட்டார்களாம். கேள்விப்பட்டதிலிருந்து நம் ராஜாவுக்குச் சோறு இறங்கவில்லை. அதிரசம் மட்டும் இறங்கியது.

உடனே ஒரு மண்டபம் கட்டி, நாட்டிலுள்ள பண்டிதர்களையெல்லாம் அதில் கொண்டுவந்து வைத்தார்.

"உங்களுக்கு ஒரு கஷ்டமும் வரக்கூடாது. நிம்மதியாக உட்கார்ந்து புதிதாக எதையாவது கண்டுபிடியுங்கள்!"

இலவம்பஞ்சு மெத்தை, வேளாவேளைக்கு நெய்ச்சோறு, ஈ ஓட்ட ஆள். பண்டிதர்கள் முதலில் கண்ணை மூடி யோசித்தார்கள். பிறகு குறட்டை விட்டு யோசித்தார்கள். மாதங்கள் போயின. மண்டபத்திலிருந்து வேறெதுவும் வெளியே வரவில்லை.

ராஜாவின் கோபம், மண்டபத்தை மேற்பார்வையிட்டுவந்த குழைக்காதன் மேல் பாய்ந்தது. வேடிக்கைப் பேச்சால் அரண்மனையில் பிழைத்துவந்தவன் அவன்.

"நாளைக்குச் சபை கலைவதற்குள் ஒரு புதுக் கருவி என் கண்முன் வரவேண்டும். இல்லையென்றால் நீ நாட்டை விட்டே போய்விடு!"

வீட்டுக்கு வந்து மனைவி பிச்சம்மாளிடம் சொன்னான். அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"போனாப் போகுது. எங்க அம்மா வீட்டோட போய் இருந்துக்கலாம்."

குழைக்காதனுக்குக் குப்பென்று வியர்த்தது. நாடு கடத்தலைக்கூடத் தாங்கிக்கொள்வான், மாமியாரைத் தாங்க அவனால் ஆகாது. பாவம், அன்று அவன் யோசித்த யோசனை கொஞ்சமல்ல.

விடிந்ததும் முதல் ஆளாகச் சபைக்குப் போனான். சிம்மாசனத்தின் சாய்மானத்தில் வெல்லப்பாகைக் கொஞ்சம் தடவிவிட்டு நல்ல பிள்ளையாக நின்றுகொண்டான்.

பூவலூரில் ஒரு வழக்கம் உண்டு. சபை கூடியதும் புலவர் ராஜாவின் முன்னோர் பெருமையைப் பாடுவார். பாடி முடியும்வரை ராஜா போர்க்கவசத்தோடு உட்கார்ந்திருக்க வேண்டும், எழுந்திருக்கக்கூடாது. அவர் உடம்பை யாரும் தொடவும் கூடாது. தொட்டால் வம்சத்துக்கே ஆகாதாம்.

புலவர் கொள்ளுத்தாத்தாவின் போரை ஆரம்பித்தார். எறும்புகள் ராஜாவின் கவசத்துக்குள் ஊர்வலத்தை ஆரம்பித்தன.

ராஜா நெளிந்தார். தோள்வழியாகக் கையை விட்டுப் பார்த்தார், எட்டவில்லை. மயில் விசிறியை உள்ளே விட்டார், கிச்சுக்கிச்சு மூட்டியது. கொள்ளுத்தாத்தா போர்க்களத்தில் உயிரை விடும் இடத்தில் ராஜா கெக்கெக்கே என்று சிரித்தார். செங்கோலை விட்டார், வழுக்கிக்கொண்டு போனது. கண்ணில் நீர் முட்ட அக்கம்பக்கம் பார்த்தார். சந்தனக் கிண்ணத்தில் ஒரு வெள்ளிக் கரண்டி. சட்டென்று அதை எடுத்தார். முத்துமாலையைக் கழற்றி, கரண்டியைச் செங்கோலின் நுனியில் இறுக்கிக் கட்டினார். கழுத்துவழியாக உள்ளே விட்டு ஒரு இழு இழுத்தார்.

"ஆ...ஹா! அங்கேதான்! அங்கேயேதான்!"

தன் பாட்டைத்தான் ரசிக்கிறார் என்று புலவருக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. முதலிலிருந்து மறுபடி பாடினார்.

ஒருவழியாகப் பாட்டு முடிந்தது. ராஜா மூச்சு வாங்கிக்கொண்டு, "குழைக்காதா, எங்கே புதுக் கருவி?" என்று உறுமினார்.

"மகாராஜாவின் முதுகில் இருக்கிறது."

ராஜா மெல்லக் கருவியை வெளியே உருவிப் பார்த்தார். சபையே பார்த்தது. அப்படி ஒரு சாமானை அந்த ஊரில் யாரும் அதுவரை பார்த்ததில்லை.

"அப்படியானால் எறும்பு?"

"அடியேன் தடவிய வெல்லப்பாகுக்கு வந்தது."

ராஜாவின் மீசை துடித்தது. காவலர்கள் வேல்களைப் பிடித்துக்கொண்டு ஓரடி முன்னால் வந்தார்கள். குழைக்காதன் கைகூப்பிச் சொன்னான்:

"மகாராஜா! அத்தனை பண்டிதர்களுக்கும் மெத்தை கொடுத்தீர்கள், நெய்ச்சோறு கொடுத்தீர்கள். ஆளுக்கு நாலு எறும்பு கொடுக்க மறந்துவிட்டீர்களே!"

ராஜாவின் தொப்பைதான் முதலில் குலுங்கியது, பிறகு சிரிப்பு வந்தது. சிரித்துச் சிரித்துக் கிரீடம் கழன்று உருண்டது. அந்த முத்துமாலையையே குழைக்காதன் கழுத்தில் போட்டார்.

"யாரங்கே! ஒரு கூடை எறும்பை மண்டபத்துக்குள் கொட்டி, வெளியே பூட்டுங்கள்!"

பொழுது சாய்வதற்குள் பண்டிதர்கள் அத்தனை பேரும் சொறிந்துகொண்டே சபைக்கு ஓடிவந்தார்கள். வெளியே போட்ட பூட்டை உள்ளேயிருந்தே திறக்க ஒரு கருவி கண்டுபிடித்திருந்தார்கள்.