உள்ளான் சொல்லாமல் வைத்திருந்த சேதி

அல்லிக்குளத்து மருத மரத்தில் ஒரு நாரை காத்திருந்தது. ஐப்பசியில் கடலோரம் போன அதன் துணை, தை பிறந்தும் திரும்பவில்லை.

அப்போது கடலோரத்திலிருந்து ஓர் உள்ளான் குருவி வந்து இறங்கியது. ஆண் நாரை புயலில் சிறகு முறிந்து, உப்பளத்து வரப்பில், அந்த உள்ளானின் கண் முன்னால்தான் உயிரை விட்டிருந்தது.

அந்தக் குளத்தில் ஒரு வழக்கம். சேதி கொண்டு வருகிறவருக்கு முதலில் வயிறு நிறையக் கொடுப்பார்கள். பிறகுதான் விசாரிப்பார்கள். நாரை சேற்றைக் கிளறி, கொழுத்த புழுக்களாகப் பொறுக்கி முன்னால் வைத்தது.

"சாப்பிடு தம்பி! எங்க வீட்டுக்காரரை அங்கே பார்த்தியா?"

அதன் கண்கள் அப்படி மின்னின! உள்ளான் அவசரமாக ஒரு புழுவைக் கொத்தி விழுங்கியது.

"பா... பார்த்தேன் அக்கா. மெதுவா வருவார்."

அவ்வளவுதான்! நாரை அன்றே கூட்டை அகலப்படுத்தியது. "அவருக்குக் கிழக்கே பார்த்து உட்கார்ந்தாதான் தூக்கம் வரும்" என்று அந்தப் பக்கம் கோரைப்புல்லை மெத்தையாகப் பரப்பியது.

"இன்னிக்கு வந்துடுவாரா தம்பி?"

"நாளைக்கு அக்கா."

தினமும் இதே பேச்சு. மாசியில் குளம் வற்றியது. மற்ற நாரைகள் பெரிய ஏரிக்குக் கிளம்பின.

"நீங்க போங்க. அவர் வந்து வெறுங்கூட்டையா பார்க்கணும்?" என்றது நாரை. பட்டினியில் அதன் நெஞ்செலும்பு துருத்திக்கொண்டிருந்தது.

உள்ளான் தவித்துப்போய், குளத்துச் சேற்றில் வளை வைத்திருந்த ஒரு நண்டிடம் எல்லாவற்றையும் கொட்டியது. "அக்கா அழுமேன்னுதான் சொல்லலை..."

"அடப் போடா ஊசிமூக்கா!" என்றது நண்டு. "அது அழுறதுக்கா பயந்தே? இனிமே உன்னைப் பார்க்கிறப்பெல்லாம் அதுக்கு அந்தச் சாவு ஞாபகம் வருமேன்னு பயந்தே! உனக்கு நல்லவனாவே இருக்கணும். அது செத்தாலும் பரவாயில்லை!"

உள்ளான் கூட்டுக்குப் பறந்தது. உள்ளதைச் சொல்லிவிட்டது.

நாரை அந்தக் கோரைப்புல் மெத்தையை அலகால் ஒருமுறை நீவியது. பிறகு மெல்லக் கேட்டது: "கடைசியா ஏதாவது சொன்னாரா?"

"சொன்னார் அக்கா. 'எனக்காகக் காத்துக் கிடக்க வேண்டாம். தண்ணி வத்துமுன்னே கூட்டத்தோட கிளம்பச் சொல்லு'ன்னார்."

"அவர் பேச்சு ஒண்ணு காதுல விழாதான்னுதானே தம்பி இத்தனை நாள் காத்துக் கிடந்தேன்! அது உன் வாய்க்குள்ளேயே இருந்திருக்கே!"



நாரை எழுந்தது. இளைத்த சிறகு இரண்டு தரம் தடுமாறியது. மூன்றாம் தரம் காற்றைப் பிடித்தது. கூட்டம் போன திசையில், அது தனியாகப் பறந்தது.

துக்கச் சேதியைத் தன் பயத்துக்காக மறைக்கிறவன், அதோடு வந்த அன்பான சொல்லையும் உரியவருக்குச் சேரவிடாமல் செய்துவிடுகிறான்.