அஞ்சு இல்ல, டீச்சர்

ஒன்று முதல் ஒன்பது வரை எண்ணத் தெரிந்தவர்கள் மட்டும் இந்தக் கதையைக் கேட்டால் போதும். அது யாருக்குத்தான் தெரியாது என்கிறீர்களா? ஜெயக்கொடி டீச்சரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள், அந்தச் சனிக்கிழமை மத்தியானம் வரைக்கும்.

கீழப்பாறைக்குளம் பால்வாடியில் மொத்தம் ஒன்பது பிள்ளைகள். எண் சொல்லிக்கொடுக்க ஜெயக்கொடி ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். ஒன்பது துணித் துண்டுகளில் ஒன்று முதல் ஒன்பது வரை எழுதி, ஆளுக்கொன்றாகச் சட்டையில் குத்திவிட்டாள். தினமும் அதே வரிசையில் நின்று அவரவர் எண்ணைக் கத்த வேண்டும். பத்தே நாளில் எல்லாம் தலைகீழ்ப் பாடம். அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை.

ஆடி மாதம் மேற்பார்வையாளர் அம்மா வந்தார். வரிசையைக் கடைசியிலிருந்து எண்ணச் சொன்னார். கடைசியில் நின்ற குழந்தை, "நான் ஒம்பதுல்லா, ஒண்ணு இல்ல" என்று அழுதுவிட்டது.

"எண்ணச் சொல்லிக் குடுப்பீங்கன்னு பார்த்தா, பேரு வச்சிருக்கீங்களே டீச்சர்! எந்தப் பக்கமிருந்து எண்ணினாலும் மொத்தம் ஒம்பதுதான்னு முதல்ல புரியவைங்க" என்றார்.

ஜெயக்கொடிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அன்றைக்கே துணிகளைக் கழற்றிவிட்டாள். சட்டையிலிருந்து போன எண், பிள்ளைகள் வாயிலிருந்து போகவில்லை. "ஏ நாலு, பந்தப் போடு" என்பது நின்றபாடில்லை.

இப்போது சனிக்கிழமைக்கு வருவோம். பக்கத்து ஊர் சுகாதார நிலையத்தில் எடை பார்க்கும் முகாம். ஒன்பது பேரையும் வேனில் ஏற்றிக்கொண்டு டீச்சரும் ஆயா செண்பகமும் போனார்கள். வந்த பிள்ளைகளுக்கெல்லாம் ஒரே மாதிரி நீலக் காகிதத் தொப்பி கொடுத்தார்கள். நர்ஸைப் பார்த்ததும் ஊசிதான் என்று முடிவுகட்டிய பேச்சிமுத்து மேசைக்கடியில் புகுந்துகொண்டான். செண்பகம் காலைப் பிடித்து இழுத்து வந்து எடை போட வைத்தாள்.

"சட்டுன்னு கெளம்புங்க டீச்சர். பூட்டிட்டா இனி திங்கக்கெழமைதான்" என்றாள் நர்ஸ்.

வேன் கதவருகே நின்று, பின்பக்கமாகத் தெரிந்த தொப்பிகளைச் செண்பகம் எண்ணினாள். ஒன்பது. கதவைச் சாத்தினாள்.

முன் சீட்டில் எடைப் பதிவேட்டை மடியில் வைத்திருந்த ஜெயக்கொடிக்கு ஒரு யோசனை. மேற்பார்வையாளர் சொன்னதைச் சோதித்துப் பார்த்தால் என்ன? "இசக்கிப்ரியா, வண்டியில எத்தன பேரு இருக்கோம்னு எண்ணு பாப்போம். எங்க ரெண்டு பேரையும் டிரைவரையும் விட்டுரு" என்றாள்.

நாலு வயது இசக்கிப்ரியா எழுந்தாள். பக்கத்தில் இருப்பவரை விட்டுவிட்டு, அங்கே ஒன்று, இங்கே இரண்டு என்று சீட்டுக்குச் சீட்டு தாவினாள். "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, ஆறு, ஏழு, எட்டு, ஒம்பது." கடைசி சீட்டிலிருந்த ஒரு தொப்பியை அவள் தொடவேயில்லை.

ஜெயக்கொடிக்குச் சுரீரென்று கோபம் வந்தது. "நாலுக்கு அப்புறம் ஆறா? அஞ்சு எங்கட்டி?"

"அஞ்சு இல்ல, டீச்சர்."

"அஞ்சு இல்லாம எப்படி ஆறு வரும்? வரிசையாத் தொட்டு எண்ணு!"

குழந்தை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஒவ்வொரு தொப்பியாகத் தொட்டு எண்ணியது. ஒன்பது வந்தது. "இப்ப சரி" என்றாள் டீச்சர். வேன் கிளம்பியது. இசக்கிப்ரியா விசும்பி விசும்பி அழ ஆரம்பித்தாள்.

"சரியாத்தான எண்ணின? பொறவு ஏன் அழுத?"

"அஞ்சு அழுவான், டீச்சர்."

அஞ்சு அழுவானா? எண் எங்காவது அழுமா? ஜெயக்கொடி திரும்பினாள். ஒவ்வொரு தொப்பியாகப் பிடுங்கிப் பிடுங்கி முகம் பார்த்தாள். கடைசித் தொப்பிக்கடியில், முன்பின் பார்த்திராத ஒரு பெண்குழந்தை வேன் சவாரி கிடைத்த சந்தோஷத்தில் பல்லைக் காட்டிச் சிரித்தது. பேச்சிமுத்து இல்லை. அவன் சட்டையில்தான் ஐந்து இருந்தது.

"வண்டியத் திருப்புங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில் டிரைவர் அரண்டுபோனார்.

வழியில், சுகாதார நிலையத்து வாசல் டீக்கடைக்காரி, வேனில் ஏறிப்போன அந்த மகளைத் தேடித் தலைவிரி கோலமாக ஓடிவந்துகொண்டிருந்தாள்; குழந்தையை அவளிடம் இறக்கிவிட்டார்கள். நர்ஸ் பஸ்ஸில் ஒரு காலை வைத்துவிட்டாள். சாவி அவள் பையில். அவளை இறக்கி இழுத்துப் போய்த் திறந்தார்கள். தகரக் கூரை, அடைத்த ஜன்னல், உள்ளே அடுப்பு மாதிரி வெக்கை. ஊசிக்குப் பயந்து மறுபடியும் போய் ஒளிந்த மேசைக்கடியில் பேச்சிமுத்து. வேர்வையில் நனைந்து, கத்திக் கத்திக் குரல் போயிருந்தது. நல்லவேளை, உயிருக்கு ஒன்றுமில்லை. ஜெயக்கொடி அவனை அள்ளிக்கொண்டு முந்தானையால் வேர்வையைத் துடைத்துவிட்டாள். கொஞ்சம் தாமதித்திருந்தால் திங்கட்கிழமை வரை அங்கேயே கிடந்திருப்பான்.

திரும்பும் வழியில் செண்பகம் மெல்லச் சொன்னாள்: "எண்ணும்போது ஒம்பது இருந்துச்சு டீச்சர். எங் கணக்கு தப்பில்ல."

"நானும் முறைப்படிதான எண்ண வச்சேன், செண்பகக்கா" என்றாள் ஜெயக்கொடி.

இசக்கிப்ரியா அஞ்சின் கையை விடாமல் பிடித்திருந்தாள்.

செண்பகம் எண்ணியது ஒன்பது. ஜெயக்கொடி எண்ண வைத்ததும் ஒன்பது. நாலை அடுத்து ஆறு என்றது இசக்கிப்ரியா. இந்த மூவரில் யார் எண்ணியது சரி?

விடை: "எத்தனை பேர்?" என்பது கேள்வியானால் செண்பகம் சரி. டீச்சர் திருத்தி எண்ண வைத்ததும் சரி. ஆனால் வேன் கதவைச் சாத்துமுன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி "எல்லாரும் வந்தாச்சா?" என்பது. அதற்குச் சரியாகப் பதில் சொன்னது குழந்தை ஒன்றுதான். அந்தப் பதிலைத்தான் டீச்சர் தப்பென்று சொல்லித் திருத்தினாள். ஜெயக்கொடி இப்போதும் பிள்ளைகளை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எண்ண வைக்கிறாள்; மேற்பார்வையாளர் சொன்னதில் பிசகில்லை. ஒன்பது வந்த பிறகு மட்டும் முகங்களைப் பார்த்து இன்னொன்று கேட்கிறாள்: "யாரு இல்ல?"