பெட்டியில் எழுதிய கண்கள்

நரியும் மனிதரும் ஒரே பேச்சுப் பேசிய அந்தக் காலத்தில், எகிப்து நாட்டில் நைல் நதிக்குக் கிழக்கே வீடுகள் இருந்தன, மேற்கே கல்லறைகள் இருந்தன. நடுவில் செனெபின் படகு இருந்தது. ஊரில் யார் செத்தாலும் அவன்தான் அக்கரை சேர்ப்பான்.

துடுப்பு வலிக்கிறவனுக்குப் போகிற கரை முதுகுப் பக்கம். விட்டு வந்த கரைதான் கண்ணெதிரே. அதனால் நாற்பது வருஷமும் செனெப் தன் வீட்டைப் பார்த்துக்கொண்டேதான் மேற்கே போனான். வாசலில் அவன் மனைவி ஹெனுத் மாவு அரைத்துக்கொண்டிருப்பாள். "ரொட்டி வெந்தாச்சா?" என்று நடு ஆற்றிலிருந்து கத்துவான். "முதல்ல போய்ட்டு வாங்க!" என்பாள் அவள். எவ்வளவு நல்ல காலம் அது!

அவனும் ஒருநாள் செத்தான். உடலை உப்பில் உலர்த்தி, துணி சுற்றி, ஒரு இடுக்குக்கூட இல்லாத மரப்பெட்டியில் வைத்து, வேறொருவன் படகில் கொண்டுபோய்ப் புதைத்தார்கள்.

புதைத்த ஏழாம் நாள் ஹெனுத் ரொட்டியும் பீரும் எடுத்துப் போனாள். முன்பு படைத்தது அப்படியே கிடந்தது. பக்கத்தில், கல்லறைகளைக் காக்கும் நரி கடுகடுவென்று உட்கார்ந்திருந்தது.

"அம்மா, உங்க வீட்டுக்காரரால எனக்குத் தூக்கமே இல்ல. உள்ளே புரண்டுகிட்டே இருக்கார். வீடு தெரியலையே, வீடு தெரியலையேன்னு ஒரே புலம்பல். சாப்பிடவும் மாட்டேங்கிறார்."

"சாப்பிடலைன்னா?"

நரி தலையைக் குனிந்துகொண்டது. "உயிர் வாடிப்போகும். இன்னொரு தடவை சாவார். அந்தச் சாவுக்கு அப்புறம் ஒண்ணுமே இல்ல."

"குழியைத் தோண்டுங்க" என்றாள் ஹெனுத்.

"மூடின குழியைத் திறக்க விடாம பாக்குறதுதானே என் வேலை!"

"நாற்பது வருஷம் என்னைப் பார்த்துக்கிட்டே போன மனுஷன். நீங்க தோண்டுறீங்களா, நான் தோண்டட்டுமா?"

நரி தோண்டியது. அவன் போனதிலிருந்து திறக்காத மைச்சிமிழ் ஹெனுத்தின் மடியிலேயே இருந்தது. பெட்டியின் கிழக்கே பார்த்த பலகையில், தன் கண்ணுக்குத் தீட்டுகிற மாதிரியே, இரண்டு கண்கள் எழுதினாள். அவசரத்தில் ஒன்று கொஞ்சம் பெரிதாகிவிட்டது.

"மண்ணு மூடினா மறைக்குமே?" என்றது நரி.

"நான் எழுதின கண்ணுக்கு மறைக்காது."

புரளும் சத்தம் நின்றது. சற்றுப் பொறுத்து, "ரொட்டி வெந்தாச்சா?" என்று உள்ளிருந்து கேட்டது.

"ஆச்சு, சாப்பிடுங்க" என்றாள் அவள், அழுதுகொண்டே.

அன்று முதல்தான் அந்த நாட்டில் சவப்பெட்டியின் கிழக்குப் பக்கத்தில் இரண்டு கண்கள் எழுதத் தொடங்கினார்கள், போகிறவர்கள் வீட்டைப் பார்த்துக்கொண்டே போகட்டும் என்று.