ஒன்றாகச் சாகும் இரண்டு பேட்டரிகள்

"ரெண்டு பேட்டரியும் செத்துப்போகுது டீச்சர்" என்றார் கிளீட்டஸ்.

மெற்றில்டா திருப்புளியைக் கீழே வைத்தாள். மீன்பிடித் தடைக்காலத்தில், துறைமுகத்துக் கொட்டகையில், மீனவர்களுக்கு வயரிங் சொல்லிக்கொடுப்பவள் அவள். கிளீட்டஸ் அவளைவிட மூத்தவர். சொந்த விசைப்படகைத் தானே ஓட்டுபவர். அந்த வருடம் அவளிடம் மாணவராகச் சேர்ந்திருந்தார்.

"எந்தப் பேட்டரி எதுக்கு அண்ணே?"

"ஒண்ணு இன்ஜினைக் கிளப்ப. மத்தது விளக்குக்கும் வயர்லெஸ்ஸுக்கும்."

"ரெண்டும் ஒண்ணாவா சாகுது?"

"ஒண்ணாத்தான். கடைசித் தடவை நடுக்கடல்ல சாவியைத் திருப்பினேன். டிக்குன்னு ஒரு சத்தம், அவ்வளவுதான். வேற படகு வந்து கட்டி இழுக்கிறவரைக்கும் நீரோட்டத்துல போனோம். நாளைக்குத் தடை முடியுது. இன்னிக்குச் சாயங்காலம் ஐஸ் ஏத்துறதுக்குள்ள சரியாகலேன்னா வேற படகுல ஏறிடுவோம்னு ஆட்கள் சொல்லிட்டாங்க."

"என்ன செஞ்சீங்க?"

"ரெண்டு பேட்டரியும் மாத்தினேன். ஐசோலேட்டரையும் மாத்தினேன்."

இன்ஜின் ஓடும்போது இரண்டு பேட்டரிக்கும் சார்ஜைப் பங்கிடும் பெட்டி அது. ஒன்று இறங்கினால் மற்றதிலிருந்து இழுக்க விடாது.

"மாத்தினதைச் சொன்னீங்க. எதைப் பார்த்தீங்க?"



அவள் மீட்டரை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

இருவரும் படகுக்குப் போனபோது, மூத்த தொழிலாளி பெர்க்மான்ஸ் அங்கே வலைக்கு ஈயம் கோத்துக்கொண்டிருந்தார். "பள்ளிக்கூடம் விட்டாச்சா டிரைவரே? வீட்டுப்பாடம் உண்டா?" என்றார்.

கிளீட்டஸ் காதில் வாங்காமல் இன்ஜின் அறைக்குள் இறங்கினார்.

மெற்றில்டா மேலே நின்றே சொன்னாள். "ஐசோலேட்டர்ல இருந்து வர்ற எல்லா வயரையும் கழற்றுங்க."

கழற்றினார்.

"இப்போ ரெண்டு பேட்டரிக்கும் தொடர்பு உண்டா?"

"இல்லை."

"விளக்கு எல்லாத்தையும் போட்டுட்டு, இன்ஜின் பேட்டரியைப் பாருங்க."

மீட்டர் பன்னிரண்டு புள்ளி ஆறு வோல்ட் காட்டியது. பிறகு புள்ளி ஐந்து. பிறகு புள்ளி நான்கு.

"இதை யாரும் தொடலையே! எப்படி இறங்குது?"

"மீட்டரையும் மாத்திரும் டிரைவரே" என்றார் பெர்க்மான்ஸ்.

கிளீட்டஸ் ஏணியைப் பிடித்தபடி அண்ணாந்து பார்த்தார். "டீச்சர், நீங்க ஒரு தடவை இறங்கிப் பார்த்தா உடனே தெரிஞ்சிரும்."

"எனக்குத் தெரிஞ்சிரும்" என்றாள் அவள். இறங்கவில்லை.

கிளீட்டஸ் வியர்வையைத் துடைத்தார். இன்ஜின் பேட்டரியில் இருந்த வயர்களை ஒவ்வொன்றாக எடுத்தார். ஒன்றை எடுப்பார், மீட்டரைப் பார்ப்பார், திரும்ப மாட்டுவார், அடுத்ததை எடுப்பார்.

ஸ்டார்ட்டர் வயரை எடுத்தார். இறங்கிக்கொண்டே இருந்தது.

பம்பு வயரை எடுத்தார். அப்போதும்.

அடியில் மெல்லிய சிவப்பு வயர் ஒன்று கிடந்தது. விரலில் பிசுபிசுத்தது. சூடேறிச் சூடேறி அதன் தோல் பழுப்பாகியிருந்தது. அதை எடுத்தார்.

மீட்டரில் எண் இறங்காமல் நின்றது.

அந்த வயரைக் கையால் தடவிக்கொண்டே போனார். பலகைக்குப் பின்னால் ஏறியது. கூரையை ஒட்டி ஓடியது. ஸ்டியரிங்கைத் தாண்டி, மாதா படத்துக்குப் பின்னால் போய் மறைந்தது.

படத்தை மெதுவாகக் கழற்றினார்.

படத்துக்கு முன் எரியும் மாதா விளக்கின் ஒரே திருகில் இரண்டு வயர்கள் முறுக்கப்பட்டிருந்தன. ஒன்று இன்ஜின் பேட்டரியிலிருந்து, மற்றது விளக்குப் பேட்டரியிலிருந்து. ஐசோலேட்டரைத் தாண்டி இரண்டையும் இணைத்தது அந்தத் திருகுதான்.



"யார் கட்டினது?" என்றாள் மெற்றில்டா.

"நான்தான். ஒரு காத்துல பேட்டரி இறங்கி மாதா விளக்கு அணைஞ்சுபோச்சு. ஆட்கள் எல்லாம் பயந்துட்டாங்க. ஒண்ணு செத்தாலும் மத்தது எரிய வைக்கட்டும்னு..."



மெற்றில்டா கட்டிங் பிளேயரை நீட்டினாள்.

"எதை வெட்டணும் டீச்சர்?"

"படகு உங்களுது."

அவர் இரண்டு வயரையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, இன்ஜின் பேட்டரியிலிருந்து வந்த வயரை வெட்டினார். முனையில் டேப் சுற்றினார். படத்தை மாட்டினார். கீழே போய், கழற்றியவற்றை எல்லாம் மாட்டினார். இன்ஜினை ஓட்டி, குறைந்த சார்ஜை ஏற்றினார். நிறுத்திவிட்டு விளக்குகளைப் போட்டார்.

விளக்குப் பேட்டரி இறங்கியது. இன்ஜின் பேட்டரி பன்னிரண்டு புள்ளி ஆறிலேயே நின்றது. ஐஸ் லாரி வந்து நின்ற பிறகும் அதே ஆறு.

பெர்க்மான்ஸ் வலையை வைத்துவிட்டு எழுந்து வந்தார். இப்போது அவர் கேலி பேசவில்லை.

"டிரைவரே, அப்போ மாதா விளக்குக்கு ஒரு பேட்டரிதான். நடுக்கடல்ல அது அணைஞ்சா என்ன செய்வீரு?"

கிளீட்டஸ் மெற்றில்டாவைப் பார்த்தார். அவள் மீட்டரின் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"இன்ஜினைக் கிளப்பி, திரும்ப ஏத்துவேன்" என்றார்.

பெர்க்மான்ஸ் ஐஸ் எடுக்கப் போனார்.