ராணி நிறச் சட்டையும் ஒரு தட்டு முத்தும்

செய்னம்புவிடம் முத்துத் தரம் பார்க்கக் கற்க வந்தபோது நூகு லெப்பைக்கு வயது ஐம்பது. செய்னம்புவுக்கு முப்பதுகூட ஆகவில்லை.

அவளை எப்படிக் கூப்பிடுவது என்பதே முதல் சிக்கல். அக்காவை லாத்தா என்றும் அண்ணனைக் காக்கா என்றும் சொல்கிற ஊர் அது. லாத்தா என்று சொல்ல அவள் மூத்தவள் இல்லை. பெயர் சொல்லவோ வாய் வரவில்லை. சில நாள் "இந்தாங்க" என்றே ஓட்டிப் பார்த்துவிட்டுக் கடைசியில் "ஆசானே" என்றார்.

"சொல்லுங்க காக்கா" என்றாள் அவள்.

அந்தச் சிக்கல் அத்தோடு தீர்ந்தது. மற்றவை தீரவில்லை.

நூகு லெப்பை ஜவுளிக் கடை வைத்திருந்தவர். கடை நொடித்துவிட்டது. பெருநாளுக்குள் வேலை அமையாவிட்டால் மதுரைக்குப் போய் மச்சினன் மளிகைக் கடையில் வெங்காயம் நிறுக்க வேண்டும் என்று வீட்டில் முடிவாகியிருந்தது. மனைவியின் தம்பி கல்லாவில் உட்கார்ந்து விரல் நீட்ட, தான் தராசைத் தூக்குவதை நினைத்தாலே அவருக்குச் சோறு இறங்கவில்லை.

ஆகவே மொகுதூம் முதலாளியிடம் வந்து நின்றார். முதலாளி கடலில் கூண்டு இறக்கிச் சிப்பி வளர்த்து முத்து எடுப்பவர். அவருடைய தரம் பார்க்கும் மேசைக்கு இன்னோர் ஆள் வேண்டியிருந்தது.

"செய்னம்புகிட்ட கத்துக்கங்க. ஒரு தட்டு முத்தை ஒழுங்காப் பிரிச்சுக் காட்டுங்க. அப்புறம் பேசுவோம்" என்றார் முதலாளி.

செய்னம்பு பாடம் நடத்தும் விதம் நூகு லெப்பைக்குப் பிடிபடவில்லை.

"ஆசானே, நல்ல முத்துக்கு என்ன அடையாளம்?"

"பாருங்க."

"பார்த்தேன்."

"இன்னும் பாருங்க."

கண்ணாடிப் பலகையில் முத்தை உருட்டிவிடச் சொன்னாள். நேராக ஓடினால் உருண்டை, தள்ளாடினால் கோணல். அது விளங்கியது. மேலே பள்ளம், புள்ளி இருக்கிறதா என்று திருப்பிப் பார்க்கச் சொன்னாள். அதுவும் விளங்கியது. பல்லில் லேசாகத் தேய்த்தால் நிஜ முத்து நறநறக்கும், பிளாஸ்டிக் வழுக்கும் என்றாள். அதுதான் விளங்கவில்லை. காலையெல்லாம் தேய்த்துவிட்டு நூகு லெப்பை முகம் வெளுத்து எழுந்து வந்தார்.

"ஆசானே, முதலாளியை யாரோ ஏமாத்திட்டாங்க. அத்தனையும் பிளாஸ்டிக்."

செய்னம்பு அவர் வாயைப் பார்த்தாள்.

"எந்தப் பல்லுல தேய்ச்சீங்க?"

"முன்பல்லுல."

"அது உங்க பல்லா?"

நூகு லெப்பை வாயை மூடிக்கொண்டார். போன வருஷம் டாக்டர் கட்டிவிட்ட பல் அது.

சோதனை நாள் வந்தது. மனைவி ஹாஜறா அவரைக் கசங்கிய சட்டையோடு அனுப்ப மறுத்துவிட்டாள். கடையை மூடியபோது மிஞ்சிய துணியில் தைத்த புதுச் சட்டை ஒன்று இருந்தது. நல்ல ராணி நிறம், கண்ணைப் பறிக்கிற ரோஜாச் சிவப்பு. பெண்கள் சேலைக்குக்கூட இரண்டு தடவை யோசித்து எடுக்கிற நிறம்.

"மாப்பிள்ளை மாதிரி இருக்கீங்க" என்றாள்.

"யார் வீட்டு மாப்பிள்ளை?"

"மதுரைக்குப் போகாத மாப்பிள்ளை. போய்ட்டு வாங்க."

செய்னம்பு அன்று பக்கத்து அறையில் இருந்தாள். சோதனையின்போது ஆசான் கூட இருக்கக் கூடாது என்பது முதலாளியின் சட்டம். வடக்கு ஜன்னல் ஓரம், வெள்ளை விரித்த மேசை, ஒரு தட்டு முத்து, தரத்துக்கு ஒன்றாக மூன்று கிண்ணம்.

நூகு லெப்பை குனிந்தார். அசந்துபோனார்.

ஜவுளிக்காரருக்கு நிறம் தப்புமா? ஒவ்வொரு முத்திலும் மெல்லிய ரோஜாச் சாயல் ஓடியது. ரோஜாச் சாயல் ஓடுகிற வெள்ளை முத்துக்கு மவுசு அதிகம் என்பது அவருக்குத் தெரியும். ஒன்றை எடுத்து முதல் கிண்ணத்தில் போட்டார். அடுத்ததும் ரோஜா. அதற்கு அடுத்ததும். கொஞ்ச நேரத்தில் முதல் கிண்ணம் குவிந்தது. மற்ற இரண்டும் காலி.

முதலாளி வெள்ளைச் சட்டையோடு வந்து குனிந்தார்.

"எல்லாம் முதல் தரமா?"

"அத்தனையும் ரோஜா, முதலாளி!"

"எங்கே?"

நூகு லெப்பை குனிந்து காட்டினார். "இதோ."

அவர் நகர, முதலாளி குனிந்தார். "இல்லையே."

முதலாளி நகர, இவர் குனிந்தார். "இருக்கே."

"நான் குனிஞ்சா இல்ல."

"நான் குனிஞ்சா இருக்கு."

"அப்போ அது உங்களைப் பார்த்து வெட்கப்படுதா?"

சத்தம் கேட்டுச் செய்னம்பு வந்தாள். வாசலிலேயே சட்டையைப் பார்த்தாள். ஆணியில் தொங்கிய தன்னுடைய இன்னொரு வெள்ளைத் துப்பட்டியை எடுத்து வந்து நூகு லெப்பையின் தலையோடு போர்த்தி, கழுத்துக்குக் கீழே இழுத்து மூடினாள்.

"இப்பப் பாருங்க."

பார்த்தார். ரோஜா போய்விட்டிருந்தது.

அவள் வேலை நேரம் முழுக்க வெள்ளைத் துப்பட்டியைக் கழற்றாததை மார்க்கப் பற்று என்றே அவர் இத்தனை நாளும் நினைத்திருந்தார்.

துப்பட்டி போர்த்திய ஐம்பது வயது ஆம்பளையைப் பார்த்து முதலாளிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்து புரையேறிவிட்டது. அந்தச் சிரிப்புதான் நூகு லெப்பைக்கு இன்னொரு வாய்ப்பு வாங்கித் தந்தது.

"சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்றதுக்குள்ள மறுபடி பிரிங்க. இதுதான் கடைசி" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். செய்னம்புவும் போனாள்.

நூகு லெப்பை முத்துகளைத் தட்டில் கொட்டினார். இனி ஏமாறக் கூடாது. ஒரு முத்தை எடுத்துக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். உள்ளே ஜன்னல் தெரிந்தது. ஜன்னலுக்கு முன்னால் துப்பட்டி போர்த்திய ஓர் உருவம். நடுவில் பெரிய மூக்கு. அவருடைய மூக்கேதான்.

'ஆஹா, சட்டை போயும் நான் போகவில்லையே!'

அடுத்த முத்திலும் மூக்கு. கொஞ்சம் புகைபடிந்த மூக்கு. இன்னொன்றில் ஜன்னலும் இல்லை, மூக்கும் இல்லை. சுண்ணாம்பு உருண்டை மாதிரி வெள்ளை மட்டும்.

அவருக்குப் பிடி கிடைத்துவிட்டது. தன்னுடைய சாயல் விழுந்துதானே மோசம் போனார்? அப்படியென்றால் சாயலே விழாததுதான் கலப்பில்லாத முத்து. சுண்ணாம்பு உருண்டை முதல் கிண்ணத்துக்குப் போனது. புகை மூக்கு நடுக் கிண்ணத்துக்கு. மூக்குமுடிகூடத் தெரிந்த முத்தெல்லாம் மூன்றாவதில் விழுந்தது. உருண்டையை, புள்ளியை எல்லாம் சரிபார்த்து, வேர்க்க வேர்க்கப் பிரித்து முடித்தார்.

செய்னம்பு எட்டிப் பார்த்தாள்.

"முடிச்சுட்டீங்களா காக்கா?"

"முடிச்சேன். இந்தத் தடவை நான் எங்கேயும் நுழையல. பாருங்க, முதல் கிண்ணத்துல என் மூக்கு ஒண்ணுலயாவது தெரியுதா?"

அவள் மூன்று கிண்ணத்தையும் நிதானமாகப் பார்த்தாள். முதல் கிண்ணத்தை எடுத்து மூன்றாவதன் இடத்தில் வைத்தாள். மூன்றாவதை எடுத்து முதல் இடத்தில் வைத்தாள். நடுவில் இருந்ததைத் தொடவில்லை.

நூகு லெப்பை வாய் திறப்பதற்குள் பாங்கொலி கேட்டது. முதலாளி உள்ளே வந்தார். முதல் கிண்ணத்தை ஜன்னலுக்குக் கொண்டுபோனார். ஒவ்வொன்றாகத் திருப்பினார். நடுக் கிண்ணம். மூன்றாவது கிண்ணம். ஒரு முத்தைக்கூட இடம் மாற்றவில்லை.

"மாஷா அல்லாஹ், முதல் கிண்ணம் கண்ணாடி மாதிரி மின்னுது" என்றார். "நாளைக்கு வந்துடுங்க."

நூகு லெப்பைக்கு நெஞ்சு நிறைந்தது. நிறைந்த நெஞ்சில் ஒரு முள்ளும் இருந்தது. சும்மா இருந்திருக்கலாம். முடியவில்லை.

"முதலாளி, நான் தலைகீழாத்தான் வச்சேன். ஆசான்தான் கிண்ணத்தை மாத்தினது."

முதலாளி செய்னம்புவைப் பார்த்தார். அவள் மேசை விரிப்பை உதறிக்கொண்டிருந்தாள்.

"முத்தைப் பிரிச்சது யாரு?"

"நான்."

"கிண்ணத்தைத் தூக்கி வச்சது?"

"ஆசான்."

"கிண்ணம் தூக்க என்கிட்ட ஆள் இருக்கு. பிரிக்கத்தான் ஆள் இல்ல. துப்பட்டியைக் கழட்டிட்டுத் தொழ வாங்க."

முதலாளி தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளுச் செய்யப் போனார். நூகு லெப்பை துப்பட்டியை மடித்து அவளிடம் நீட்டினார்.

"ஆசானே, கேட்டாத் தப்பா நினைக்காதீங்க. என் மூஞ்சி தெரியாத முத்து ஒண்ணுகூடவா நல்லதா இருக்காது?"

செய்னம்பு மூன்றாவது கிண்ணத்திலிருந்து ஒரு சுண்ணாம்பு உருண்டையை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"இருக்கும் காக்கா. இடிச்சுத் தேன்ல குழைச்சா நெஞ்செரிச்சலுக்கு நல்லதும்பாங்க."