இஞ்சினின் அவசரமும் வெங்காயத்தின் கவலையும்

ஒரு காலத்தில் ஒரு துறைமுகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. யார் முதலில் வந்து நங்கூரம் போடுகிறாரோ அவருக்குத்தான் முதலில் சரக்கு இறக்க இடம். அதனால் அந்தப் பக்கம் வரும் கப்பல்கள் எல்லாம் தலைதெறிக்க ஓடித்தான் வரும்.

வெங்காயம் ஏற்றிவந்த ஒரு கப்பலின் இஞ்சினுக்கு இந்த ஓட்டத்தில் தனிப் பெருமை. எண்ணெயைக் குடம் குடமாகக் குடித்து, மூச்சிரைக்க வந்து சேர்ந்தது. வந்து பார்த்தால், அதற்கும் முன்னால் ஓடி வந்தவை துறைமுகத்துக்கு வெளியே வரிசையாக நின்றுகொண்டிருந்தன.

நங்கூரம் கடலடிச் சேற்றில் சாவகாசமாகச் சாய்ந்துகொண்டது. "ஏண்ணே, நீங்க இவ்வளவு வேர்த்து விறுவிறுத்து ஓடியாந்தது, நான் இங்க படுத்துத் தூங்கறதுக்கா?"

"வாயை மூடு. இடம் பிடிக்க வேண்டாமா?" என்று உறுமியது இஞ்சின்.

நாள் கணக்கில் காத்து நின்றதில், வெயில் ஏற ஏற அடித்தட்டில் வெங்காயங்கள் புழுங்கின. "இஞ்சின் அண்ணே, எங்களுக்கு முளை விட்டுருச்சு. பக்கத்து மூட்டை அழுகியே போச்சு. அடுப்புல வேகப் பொறந்த நாங்க இருட்டுல நாறியா சாகணும்?"

அந்த முறை பாதிச் சரக்கு வீணாய்ப் போனது. கேப்டன் கஸ்பாருக்கு மனசே விட்டுப்போயிற்று. வயர்லெஸ்ஸை எடுத்து, கப்பல்கள் அணைந்து சரக்கு இறக்கும் துறைமேடையையே கேட்டுவிட்டார்: "இவ்வளவு வேகமா வந்து என்னம்மா பிரயோஜனம்?"

"நான் ஒருத்திதானே! பந்தி தொடங்குறதுக்கு முன்னாடியே எல்லாரும் இலைக்கு அடிச்சுக்கிட்டா நான் என்ன செய்ய?" என்றது துறைமேடை. "அந்தப் பழைய வழக்கத்தை விட்டாச்சு. கிளம்பும்போதே ஒரு வார்த்தை சொல்லுங்க. என்னைக்கு வரணும்னு சொல்றேன். அன்னைக்கு உங்க இடம் உங்களுக்கு. எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். ஓடுற சத்தத்துல யார் காதுலயும் விழலை."

அடுத்த பயணத்தில் கஸ்பார் முன்பே சொல்லி நாள் வாங்கிக்கொண்டார். "நிதானமாப் போப்பா" என்றார் இஞ்சினிடம். இஞ்சினுக்கு அவமானமாக இருந்தது. வழியில் இன்னொரு வெங்காயக் கப்பல் சீறிக்கொண்டு கடந்தது. "என்னப்பா, மாப்பிள்ளை ஊர்வலமா?" என்று அதன் இஞ்சின் நக்கலடித்தது. நம் இஞ்சின் பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாகவே போனது.

போய்ச் சேர்ந்த அன்று துறைமேடை காலியாகக் காத்திருந்தது. கப்பல் நேராக உள்ளே போய் நின்றது. நங்கூரத்துக்குக் கால் நனைக்கக்கூட வேலையில்லை. கிரேன் மூட்டைகளை மளமளவென்று தூக்கி லாரிகளில் அடுக்கியது. ஒரு வெங்காயமும் முளைத்திருக்கவில்லை.

திரும்பும்போது, வழியில் முந்திய அந்தக் கப்பல் இன்னும் வெளியே நின்றுகொண்டிருந்தது. அதன் அடித்தட்டு நாற்றம் காற்றில் வந்தது.

"யோவ், நான்தான்யா உனக்கு முன்னாடி வந்தேன்!" என்று கத்தியது அதன் இஞ்சின்.

நம் இஞ்சினுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே பாவமாகவும் இருந்தது.

"ஆமாண்ணே, நீங்கதான் முதல்ல வந்தீங்க" என்றது பணிவாக. "எங்க வெங்காயம் இந்நேரம் ஊருக்குள்ள சாம்பார்ல கொதிச்சுக்கிட்டு இருக்கும்."